திசை கேட்டு வெட்டும் துணி

ஸ்க்ரீன் தைக்க வேண்டும் என்று போன் செய்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது என்பதைத்தான். அகலம், உயரம் எல்லாம் அப்புறம். வாஸ்து பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. "கடலைப் பார்த்த ஜன்னல் சார், ஃபுல் சீ வியூ" என்று சொல்லி, பதிலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவார்கள். வெள்ளைச் சுவர், வெளுத்த மரத்தரை, தரை தொடும் மெல்லிய வெள்ளைத் துணி காற்றில் உப்பி நிற்கும், பின்னால் நீலக் கடல். யார் அனுப்பினாலும் ஏறக்குறைய அதே படம்தான்.

அந்தப் படம் அநேகமாகக் கலிபோர்னியாவில் எடுத்ததாக இருக்கும். அங்கே கடல் மேற்கே. கடல் பக்க ஜன்னலில் வெயில் விழுவது சாயங்காலம்தான். நம் சோழமண்டலக் கரையில் கடல் கிழக்கே. நீலாங்கரையிலும் கோவளத்திலும் கடலைப் பார்த்துப் படுக்கையறை கட்டியவர்களுக்கு விடிந்ததும் வெயில் கட்டில் மேல் வந்து உட்கார்ந்துவிடும். தாழ்வான வெயில், கூடவே தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் கூச்சமும். பதினோரு மணிக்கு மேல் அந்தப் பக்கம் நிழலாகிவிடும். மதியத்துக்கு மேல் வீட்டைச் சுடுவது ஈசிஆர் ரோட்டைப் பார்த்த மேற்குச் சுவர். கனமான துணி வேண்டியது அங்கேதான். ஆனால் அங்கே மாடிப்படியும் வேலைக்காரர் அறையும் இருக்கும். காசெல்லாம் கடல் பக்கம் போயிருக்கும்.

இன்னொன்று. கடல்காற்று உள்ளே வரத் தொடங்குவதும் அதே மதியம்தான். அந்த நேரத்தில் கிழக்குப் பக்கம் கெட்டியான பிளாக்அவுட் துணியைத் தொங்கவிட்டு, ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொள்வதற்குக் கடலோரம் எதற்கு இடம் வாங்க வேண்டும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. வாடிக்கையாளரிடம் இதைச் சொல்ல மாட்டேன். காலையில் கூச்சத்தை அடக்கி மதியத்தில் காற்றை விடுகிற துணியைக் காட்டுவேன்.

வடக்கு ஜன்னலுக்கு வெயில் வராது, அங்கே ஸ்க்ரீன் அழகுக்குத்தான் என்றும் சொல்வார்கள். ஐரோப்பாவுக்கு அது பெரும்பாலும் சரி. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் நடுவரைக்கும் வடக்குப் பக்கமாகத்தான் ஓடும். எங்கள் ஊர் திருப்பூருக்கு இன்னும் சில நாள் கூடுதல். அக்னி நட்சத்திரம் முழுக்க வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் சாய்வெயில் நுழையும். ஒரே மே மாதத்தில் வடக்கு அறை சோபாவின் ஒரு கை மட்டும் வெளுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

கடலே இல்லாத ஊர்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நான் சாயப்பட்டறை லேபில் இருந்தவன். 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் மாசு வழக்கில், கழிவு ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாடு வரும்வரை சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஊரே ஸ்தம்பித்தது. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் ஏற்றி வாங்கியவர்கள் சமாளித்தார்கள். லேபில் பீக்கரும் பிப்பெட்டுமாக இருந்தவர்கள் என்ன செய்வது? காங்கயம் ரோட்டில் மாமா ஒருவர் ஸ்க்ரீன் தைக்கும் கடை வைத்திருந்தார். துணி பார்க்க ஆள் வேண்டும் என்றார். பட்டறைகள் திரும்பத் திறந்தபோது நான் திரும்பிப் போகவில்லை.

பனியன் தொழிலில் சாயத்தின் தரம் என்றால் தண்ணீர்தான் முதல் எதிரி. துவைத்தால் போகுமா, தேய்த்தால் ஒட்டுமா, வியர்வைக்கு நிற்குமா என்று பார்த்து 1 முதல் 5 வரை மார்க் போடுவார்கள். 4 வந்தால் பையர் வாயை மூடிக்கொள்வார். வெளிச்சத்துக்கு வேறு அளவுகோல். 1 முதல் 8 வரை. எட்டுவிதமாகச் சாயமேற்றிய நீலக் கம்பளித் துண்டுகளை, சோதிக்க வேண்டிய துணியோடு சேர்த்து விளக்கடியில் வைப்பார்கள். நம் துணி எந்த நீலத்தோடு ஒத்து வெளுக்கிறதோ அதுதான் அதன் மார்க். ஐஎஸ்ஓ 105-பி02 என்று அந்தச் சோதனைக்குப் பெயர். ஒவ்வொரு படியும் முந்தைய படியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வெயில் தாங்கும். ஆகையால் 4-க்கும் 6-க்கும் உள்ள தூரம் பார்வைக்குத் தெரிவதைவிட அதிகம். டி-ஷர்ட்டுக்கு 4 தாராளம். அதை ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் வெயிலில் தொங்கவிடப் போவதில்லை. கிழக்கு ஜன்னலில் தினமும் தொங்குகிற துணிக்கு 6-க்குக் குறைந்தால் நான் கை வைப்பதில்லை. கோயம்புத்தூரில் 1956 முதல் இருக்கும் சிட்ராவில் கொடுத்தால் செனான் விளக்கடியில் வைத்து ரிப்போர்ட் தருவார்கள். பெரிய ஹோட்டல் ஆர்டருக்கு அதைச் செய்வோம். வீட்டு ஆர்டருக்கு எங்கள் மொட்டைமாடிதான் லேப்.

மாடியில் செய்வது எளிது. சாம்பிள் துணியில் ஒரு முழத் துண்டு வெட்டி, பாதியை அட்டையால் இறுக்கி மூடி, பிளைவுட் பலகையில் பின் அடித்து, மேலே ஒரு பழைய ஜன்னல் கண்ணாடியை வைப்பேன். கண்ணாடி முக்கியம். தோலைச் சுடுகிற அலைவரிசையை அது பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் துணியை வெளுக்கவைக்கிற புற ஊதாக் கதிரில் ஒரு பெரிய பங்கும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் தாண்டி வந்துவிடும். வீட்டில் நடப்பதும் அதுதான். சித்திரையில் வைத்து வைகாசி கடைசியில் அட்டையைப் பிரித்தால் நடுவில் கோடு கிழித்ததுபோல் தெரியும். கோடு தெரிந்தால் அந்த ரோல் திரும்பிப் போகும்.

இந்தப் பலகை எனக்குக் காட்டியதில் மிகவும் உபயோகமானது பீஜைப் பற்றியது. இன்றைக்குக் கடலோர வீடு என்றாலே மணல் நிறம், ஓட்ஸ் நிறம், சங்கு நிறம் என்றுதான் கேட்கிறார்கள். நீலமும் நங்கூரப் படமும் போட்ட துணி போன தலைமுறை ஃபேஷன் ஆகிவிட்டது. நல்லதுதான். ஆனால் பருத்தித் துணியில் பீஜ் என்பது மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று சாயம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. மூன்றும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. மஞ்சள் முந்திப் போனால் துணி ரோஸ் அடிக்கும். சிவப்பு முந்திப் போனால் பச்சையாகத் தெரியும். போதாததற்கு, ஒரே சாயம் அடர்த்தியாக ஏற்றினால் தாங்கும், மெலிதாக ஏற்றினால் சீக்கிரம் போகும். பீஜில் எல்லாமே மெலிது. கடையில் 'சேண்ட்' என்று வாங்கியது இரண்டு வருஷத்தில் ரோஸ் மில்க் மாதிரி ஆகிவிட்டது என்று ஒருவர் என்னிடம் அழுதார்.

அதனால் பீஜ் கேட்டால் சாயமே போடாத துணியைத்தான் முதலில் எடுத்துப் போடுவேன். சோமனூர்க் காடாத் துணியைப் பசைபோக அலசி, பிளீச் பண்ணாமல் வைத்தால் பருத்தியின் சொந்த நிறம். லினன் என்றால் அதன் சொந்தச் சாம்பல் பழுப்பு. வெயிலில் இவையும் கொஞ்சம் வெளுக்கும். ஆனால் வெளுத்தாலும் அதே குடும்பத்துக்குள்தான் வெளுக்கும், வேறு நிறத்துக்குத் தாவாது. சாயம் போட்டே ஆக வேண்டும், மேற்கு வெயில் என்றால் நூலாக இழுக்கும்போதே நிறத்தைக் கலந்த பாலியஸ்டர் அல்லது அக்ரிலிக். பருத்திதான் வேண்டும், அடர் நிறம் வேண்டும் என்பவர்களுக்கு வாட் சாயம். விலையைக் கேட்டு பாதிப்பேர் திரும்ப காடாவுக்கு வந்துவிடுவார்கள்.

வெள்ளைக்கு வேறு தந்திரம் இருக்கிறது. கடையில் கண்ணைப் பறிக்கிற வெள்ளை பெரும்பாலும் ஒயிட்னர் போட்ட வெள்ளை. ஒயிட்னர் வெயிலில் செத்துவிடும், துணி மஞ்சளடிக்கும். அழுக்கு என்று நினைத்துத் துவைத்துத் துவைத்து ஓய்ந்துபோவார்கள். கள்ளநோட்டு பார்க்கிற நீல விளக்கு ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். இருட்டில் அதைத் துணிமேல் அடித்தால் ஒயிட்னர் போட்டது பளீரென்று நீலமாக ஒளிரும். போடாதது சும்மா கிடக்கும். மொத்தக் கடைகளில் என்னைக் கண்டால் சிலர் மின்விசிறியைப் போடுவார்கள், விளக்கை அணைக்க மாட்டார்கள்.

திருப்பூர்க்காரன் என்றதும் வருகிற அடுத்த யோசனை, உங்களூர்ப் பனியன் துணியிலேயே தைத்தால் என்ன, காதர்பேட்டையில் கிலோ கணக்கில் கிடைக்குமே என்பது. சிங்கிள் ஜெர்சி வளையத்தில் வளையம் கோத்தது. எட்டடி நீளத்துக்குத் தொங்கவிட்டால் தன் எடையிலேயே வளையம் நீண்டுகொண்டே போகும். ஓரம் சுருண்டுகொள்ளும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் இன்னும் இரண்டு விரல் இறங்கும். பின்னலில் ஸ்க்ரீனுக்கு ஆகிவருவது வார்ப் நிட். நூல் நீளவாக்கில் ஓடி, பக்கத்து நூலோடு கொக்கி போட்டுக்கொள்ளும், இழுத்தால் இளகாது. கரூரில் கொசுவலை ஓடுகிறதே, அந்த ராஷெல் மெஷின் வகை. சன்னமான வலைத்துணிக்கு அதுதான் தாய். நெய்த ஷீர் துணி பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது, முழுக்க பாலியஸ்டர். கொங்கு மண்ணில் பிறந்து பாலியஸ்டரை சிபாரிசு செய்வது எனக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் வெயில் தாங்குவதில் அது கெட்டிக்காரன், கடலோரத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது.

அந்தக் காரணம் உப்பு. பருத்தி சாதாரணமாகத் தன் எடையில் ஏறத்தாழ எட்டரை சதவீதம் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைக்காது. கடற்காற்றில் வரும் உப்பு துணியில் படிந்த பிறகு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே நீர் கோத்துக்கொள்ளும். கரையோரத்தில் பெரும்பாலான இரவுகள் அதற்கு மேல்தான். அதனால் கடலிலிருந்து முதல் வரிசை வீட்டில் கெட்டியான பருத்தி ஸ்க்ரீன் கார்த்திகையில் தொட்டால் சில்லென்றிருக்கும். மடிப்புக்குள் கறுப்புப் புள்ளி விழும். லைனிங்கோடு தைத்திருந்தால் இரண்டு துணிக்கும் நடுவில் பூஞ்சை குடியேறிவிடும். வெளியே தெரியும்போது காரியம் கெட்டிருக்கும். எனவே அங்கே லைனிங்கைச் சேர்த்துத் தைப்பதில்லை. தனி டிராக்கில் தனியாகத் தொங்கும், கழற்றித் துவைக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசுங்கள், சோப்பே வேண்டாம், உப்பு போனால் போதும் என்பேன். செய்கிறவர்களின் துணி உழைக்கிறது.

துணியாவது பரவாயில்லை. இரும்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகம் எவ்வளவு சீக்கிரம் அரிக்கும் என்று பார்ப்பதற்கு மண்டபத்தில் ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. நம் கரையில் துரு அவ்வளவு வேகம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு வீட்டில், வேறு யாரோ தைத்துக் கொடுத்த வெள்ளை ஸ்க்ரீனில் ஐலெட் வளையத்தைச் சுற்றி ஒவ்வொன்றிலும் பழுப்புக் கறை. வளையத்தின் மேல்பூச்சு பார்க்க வெள்ளிபோல இருந்தது. சாவியால் சுரண்டினால் உள்ளே இரும்பு. காந்தத்தை வைத்தால் ஒட்டியது. ஆக்ஸாலிக் ஆசிட்டில் கறையை எடுக்கலாம், நன்றாக அலசாவிட்டால் துணியும் கூடவே இளைக்கும். அந்த அம்மா துணியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். துணி பாவம், நல்ல துணி.

இப்போது டிராக் அலுமினியம், ஓடுகிற சில்லு நைலான், கொக்கி பிளாஸ்டிக். ஸ்க்ரூ மட்டும் எஸ்எஸ் 316. சாதாரண 304-ஐவிட அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, உப்புக்குத் தாங்கும். பத்து ரூபாய் ஸ்க்ரூவுக்காகச் சண்டை போடுகிறவன் என்று ஹார்டுவேர் கடையில் பெயர் வாங்கியிருக்கிறேன். எங்கள் ஃபிட்டர் தம்பிகள் சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி துணிமூட்டையோடு ஏறும்போது, ஸ்க்ரூ டப்பா துணிக்குள் சுருட்டிக் கைப்பையில் போகும். சென்னையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் 304தான் கிடைத்தது என்று போன் வரும்.

காற்றைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வருகிற காற்றில்தான் பல்லடத்திலும் உடுமலையிலும் அத்தனை காற்றாலைகள் ஓடுகின்றன. எங்கள் வீடுகளில் ஆடி மாதம் ஸ்க்ரீனை முடிச்சுப் போட்டுத்தான் வைப்பார்கள். படத்தில் துணி உப்பி நிற்பது அழகு. வீட்டில் அது டீப்பாய் மேலிருக்கும் டம்ளரைத் தட்டிவிடும், ஜன்னல் தாழ்ப்பாளில் மாட்டிக் கிழியும். கீழ் மடிப்புக்குள் எடைச்சரடு ஒன்று ஓடவிடுவோம். ஈயம் வைத்தது வேண்டாம், ஈரத்தில் கறுத்துக் கறை விடும். எஸ்எஸ் மணிச்சங்கிலி போதும். பால்கனிக்கு இப்போது எல்லாரும் கேட்பது ஜிப் ஸ்க்ரீன். இரண்டு பக்கமும் அலுமினியச் சட்டத்துக்குள் பல்வரிசைபோல் பிடித்துக்கொண்டு இறங்கும் வலைத்துணி. காற்றில் படபடக்காது, வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்திவிடும். வெப்பம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தபின் எந்தத் துணியைப் போட்டு மறைத்தாலும் பாதிதான் பலன். நடுத்தர நிறத் துணி, பின்னால் வெள்ளை பிளாஸ்டிக் பூச்சு என்றால் உள்ளே வரும் வெப்பம் 33 சதவீதம் குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. வெளியே ஒரு மூங்கில் தட்டி கட்டினால் அதைவிடக் கூடுதலாகவே குறையும். மூங்கில் தட்டி மழையில் இரண்டு வருஷத்துக்கு மேல் வராது என்பதும் உண்மை.

வலைத்துணி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் 1, 3, 5, 10 என்று சதவீதம் போட்டிருக்கும். எவ்வளவு ஓட்டை என்று அர்த்தம். கிழக்கே கடலைப் பார்த்தது 3, வடக்கு 5 என்று போடுவேன். நிறத்தில்தான் எல்லாரும் ஏமாறுவார்கள். வெள்ளை வலை வெப்பத்தைத் திருப்பி அடிக்கும், ஆனால் வெயில் பட்டால் வலையே பளபளத்து வெளியே ஒன்றும் தெரியாது. கறுப்பு வலை வழியாகக் கடல் தெளிவாகத் தெரியும், கூசாது. வெள்ளை வீட்டில் கறுப்பா என்று முகம் சுளிப்பார்கள். இரண்டையும் ஜன்னலில் பிடித்துக் காட்டச் சொல்லித் தம்பிகளிடம் சொல்லியிருக்கிறேன், பேசிப் புரியவைக்க முடியாது.

மற்றபடி இன்றைய ஃபேஷன் எனக்குச் சில இடத்தில் பிடிக்கிறது, சில இடத்தில் பிடிக்கவில்லை. ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளிருந்து தரைவரைக்கும் ஒரே அலையாக இறங்கும் வேவ் மடிப்பு பிடிக்கும். துணி இரண்டு, இரண்டரை மடங்கு பிடிக்கும். ஆனால் ஒதுக்கினால் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும், ஜன்னல் முழுதாகத் திறக்கும். பழைய அமெரிக்கன் பிளீட்டின் பக்ரம் கடலோரத்தில் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும், வேவில் அந்தத் தொல்லை குறைவு. ஜீப்ரா பிளைண்ட் பிடிக்காது. கழற்றித் துவைக்க முடியாது, பட்டைக்குப் பட்டை தூசி நிற்கும். பாட்டரியில் ஓடும் மோட்டார் வகை நல்லது. உயரத்தில் இருக்கும் ஜன்னலுக்கு வேறு வழியில்லை. தொங்குகிற கயிறு எந்த பிளைண்டிலும் குழந்தை இருக்கும் வீட்டில் ஆகாது. அமெரிக்காவில் 2018 முதல் கடையில் ரெடியாக விற்கிற பிளைண்டுகளுக்குக் கைக்கு எட்டும்படி தொங்குகிற கயிறு இருக்கக்கூடாது என்று தரவிதி வந்துவிட்டது. இங்கே நாமாகப் பார்த்துச் செய்ய வேண்டியதுதான்.

மர ஷட்டர் கேட்கிறவர்களைப் புதுச்சேரிக்குப் போய்ப் பார்க்கச் சொல்வேன். வெள்ளை நகரத்தின் பிரெஞ்சு வீடுகளில் சாய்ந்த மரப்பட்டை வைத்த கதவுகள் வெளிப்பக்கம் இருக்கும். வெயிலைத் தடுக்கும், காற்றை விடும், மழையில் சாத்திக்கொள்ளலாம். இப்போது கேட்லாக்கில் வருவது கண்ணாடிக்கு உள்ளே மாட்டும் ஷட்டர், பார்க்க அதே மாதிரி, வேலை பாதி. நிறத்துக்கு இலங்கையைப் பார்க்கச் சொல்வேன். ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்புக்கூடத்தில் ஈனா டி சில்வாவின் பாத்திக் துணிகள் மேற்கூரையில்தான் போயின. அழுத்தமான நிறத்தை வெயில் நேரே படாத இடத்தில் வைத்தார்கள். கொழும்பில் பார்பரா சன்சோனி கைத்தறியில் அத்தனை நிறங்களை விளையாடவிட்டதும் ஆழமான வராந்தா உள்ள வீடுகளுக்குத்தான் பொருந்திவரும். வராந்தாவே இல்லாமல் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைத்துவிட்டு அந்த நிறம் வேண்டும் என்றால் துணி என்ன செய்யும்?

இந்த நாலைந்து வருஷமாக நான் அதிகம் தைப்பது ஒரே வகைத் துணி. அது எங்கள் ஊர்க் குப்பையிலிருந்து வருகிறது. பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளுக்குக் கீழே விழும் துண்டுகளை மூட்டை கட்டி விற்பார்கள். குடோனில் பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறவாரியாகப் பிரிப்பார்கள். சாம்பல் என்றாலே ஐந்தாறு குவியல் இருக்கும். வெறும் கண்ணால் அவர்கள் பிரிப்பதை எங்கள் பழைய லேப் கம்ப்யூட்டர் பார்த்தால் வெட்கப்படும். லேபிளும் எலாஸ்டிக்கும் பட்டனும் இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை மெஷினில் போட்டுக் கிழித்துப் பஞ்சாக்குவார்கள். பல்லடம், உடுமலை சுற்றுவட்டார ஓஇ (ஓப்பன் எண்ட்) மில்களில் அந்தப் பஞ்சு, பெட் பாட்டிலிலிருந்து வந்த பாலியஸ்டர் இழையோடு கலந்து, 10ஆம் நம்பர், 20ஆம் நம்பர் என்று தடித்த நூலாகும். துணிக்கு ஏற்கெனவே சாயம் இருப்பதால் நூலை மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்ப வேண்டியதில்லை. 2011-ஐப் பார்த்தவனுக்கு இது லேசான விஷயம் இல்லை.

கரூரிலும் சென்னிமலையிலும் இந்த நூலில் பெட்ஷீட், மிதியடி, சமையலறைத் துண்டு என்று ரொம்ப நாளாகவே ஓடுகிறது. அதையே கொஞ்சம் தளர்வாக, பாவில் நல்ல நூல், ஊடையில் ஓஇ நூல் என்று ஓட்டித் தரச் சொன்னோம். நெருக்கம் குறைந்ததால் காற்று போகும், வெளிச்சம் மணலில் சலித்ததுபோல் வரும். கேட்லாக்கில் 'நேச்சுரல் டெக்ஸ்ச்சர்' என்று விலைபோட்டிருக்கும் துணியைக் கையில் கொடுத்தால் பக்கத்தில் இதை வைத்துக் காட்டலாம். நூலில் பல நிறச் சாம்பல் கலந்திருப்பதால் ஒரு சாயம் வெளுத்தாலும் கண்ணுக்குத் திட்டாகத் தெரிவதில்லை. மாடிப் பலகையில் கோடு விழத்தான் செய்கிறது, ஆனால் அதே நிறத்தின் வெளுத்த சாயலாக விழுகிறது.

தொல்லையும் உண்டு. ஒரு லாட் தீர்ந்தால் அதே நிறம் திரும்ப வராது. ஆகவே வீட்டுக்குத் தேவையானதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கி, மீதித் துணியை வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுவோம். இழை குட்டை என்பதால் புதிதில் பஞ்சு உதிரும். வெட்டுவதற்கு முன் தண்ணீர் காட்டாவிட்டால் முதல் துவையலில் சுருங்கி, தரைதொட்ட ஸ்க்ரீன் கணுக்காலுக்கு ஏறும். கீழ் மடிப்பை ஆறங்குலம் வைத்து முதலில் கையால் ஓடத்தையல் மட்டும் போட்டு மாட்டிவிடுவோம். ஒரு மழைக்காலம் தொங்கி, இறங்குவது இறங்கி, சுருங்குவது சுருங்கிய பிறகு ஆள் போய் மெஷின் தையல் போடுவார். அந்த இரண்டாவது பயணத்துக்குத் தனியாகக் காசு வாங்க முடியாது. விலையிலேயே சேர்த்துவிடுகிறோம், அதனால்தான் எங்கள் கொட்டேஷன் மற்றவர்களைவிடக் கூட இருக்கும்.

தையல்காரர்கள் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். பவர்டேபிளில் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் ஓட்டிப் பழகிய கை, மூன்று மீட்டர் நேர்கோட்டை நிதானமாக ஓட்டாது. பாதியில் வேகம் பிடித்துத் துணியை இழுத்துவிடும். தொங்கவிட்டால் ஓரம் வில்லாக வளையும். எங்களிடம் தைக்கிற அக்கா ஒருவர் கல்யாணத்துக்கு முன் சென்னிமலையில் தறி ஓட்டியவர். அவருக்கு நூல் நேர்த்தி சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போது ஆர்டரில் பாதி கடலோரத்திலிருந்து வருவதில்லை, அவிநாசி ரோட்டிலிருந்தும் பல்லடம் ரோட்டிலிருந்தும் வருகிறது. வியாபார விஷயமாக வெளிநாடு போய் வருகிற எக்ஸ்போர்ட்டர்கள் அங்கே பையர் வீட்டையோ ஹோட்டலையோ பார்த்துவிட்டு அதேபோல் வெள்ளை வீடு கட்டுகிறார்கள். உப்பு கிடையாது, எனவே எந்த ஸ்க்ரூவும் போடலாம். பதிலுக்கு நிட்டிங் யூனிட்டுகளிலிருந்து பறக்கும் பஞ்சும், ஆடிக்காற்றில் வரும் செம்மண்ணும். வேவ் மடிப்பின் மேல் விளிம்பில் ஒரு மாதத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு படியும்.

போன வைகாசியில் அப்படி ஒரு வீட்டில் சாம்பிள் விரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மணிக்கு ஓஇ துணி பிடித்துவிட்டது. துண்டை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, "இது நம்ம கம்பெனி கட்டிங் வேஸ்ட்டுங்களாண்ணா?" என்றார்.

"உங்க கம்பெனின்னு சொல்ல முடியாதுங்க. எல்லாத்துதும் கலந்திருக்கும்."

"அட, வித்த சரக்கையே திருப்பி வாங்கறமாட்ட இருக்குது. சரி, இதே போடுங்க. ஆனா கடல் கலரு எங்கீங்க? ஒரு ரூமுக்காச்சும் நீலம் வேணும், பாப்பா கேக்கறா."

பாப்பாவின் அறை வடக்கு. சித்திரையிலிருந்து ஆவணி தொடக்கம் வரைக்கும் காலையிலும் சாயங்காலமும் வெயில் நுழையும், மீதி மாதம் பெரிதாக வராது. வாட் சாயம் போட்ட நீலம் ஒன்று காட்டினேன், விலையைக் கேட்டு அடுத்ததற்குப் போனார். வழக்கமான ரியாக்டிவ் சாய நீலத்தில் அவருக்குப் பிடித்தது ஒன்று இருந்தது. மூன்று வருஷத்தில் வெளுக்குங்க என்றேன். மூன்று வருஷத்தில் பாப்பா வேறு கலர் கேட்பாள் என்றார். பில்லில் அந்த ஜன்னலுக்கு நேரே 'வெயிலில் நிறம் மாறும்' என்று எழுதி, பக்கத்தில் அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு, அடுத்த ஜன்னலுக்கு டேப்பைப் பிடித்தேன்.